47-ஆம் பக்கத்தில் மூன்று வரிகள்

எங்கள் சிற்றிதழின் மொழிபெயர்ப்புச் சிறப்பிதழ் 400 பிரதிகள் அச்சானது. அவற்றுள் 130 பிரதிகள் இன்னமும் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. சிற்றிதழ் நடத்துபவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ஆனால் இந்த 130 பிரதிகளிலும் 47-ஆம் பக்கத்தில் ஒரு சிறு வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. மூன்று வரிகளை அது மறைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்டியவை அவை. அந்த மூன்று வரிகளில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவை எப்படி எங்கள் இதழுக்குள் வந்தன, ஏன் மறைக்க நேர்ந்தது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறோம். அதைச் சொல்ல, சற்றுத் தொலைவிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

பூர்வகுடி மக்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பூர்வகுடிகளே தம்மைப் பற்றி ஆய்வுமொழியில் எழுதி, தாமே நடத்தும் இதழ்களில் வெளியிடுவது ஒப்பீட்டளவில் அண்மைக் காலத்து நிகழ்வு. நியூசிலாந்தின் மாவோரி மக்களை எடுத்துக்கொள்வோம். பாலினீசியக் கழகத்தின் ஆய்விதழ் 1892-ஆம் ஆண்டிலிருந்து வெளிவருகிறது. எல்ஸ்டன் பெஸ்ட் மாவோரிகளின் மீன்பிடி முறைகளையும் கருவிகளையும் பற்றி எழுதிய விரிவான நூல் 1929-இல் வந்தது. உழைப்பிலும் விவரச் செறிவிலும் குறைசொல்ல முடியாத பணி. ஆனாலும் அந்த எழுத்தில் மாவோரிகள் எப்போதும் 'அவர்கள்'தாம். தே ரங்கி ஹிரோவா போன்ற மாவோரி அறிஞர்கள் அந்தக் காலத்திலேயே எழுதினார்கள் என்றாலும், 'அவர்கள்' என்ற அந்தச் சொல்லின் மீதே கேள்வி எழுப்பி ஒரு தலைமுறையை எழுதத் தூண்டியது லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999-இல் வெளியிட்ட, ஆய்வுமுறைகளைக் காலனியத்திலிருந்து விடுவிப்பது பற்றிய நூல் எனலாம். 2005-இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்ட மாவோரி ஆய்வு மையம் 'ஆல்டர்நேட்டிவ்' என்ற பன்னாட்டுப் பூர்வகுடி ஆய்விதழைத் தொடங்கியது. 2012-இல் யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய 'மாய்' என்ற இதழும் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய இதழ்கள் உண்டு.

இவ்விதழ்களுக்கும் மற்ற ஆய்விதழ்களுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு: காலதாமதம். ஆண்டுக்கு இரண்டோ நான்கோ இதழ்கள். ஒவ்வொன்றிலும் இத்தனை பக்கம்தான் என்ற வரம்பு. மதிப்பீட்டாளர்கள் படித்து, திருத்தச் சொல்லி, மறுபடி படித்து, ஆசிரியர் ஏற்றுக்கொண்ட பிறகும் கட்டுரை வரிசையில் நிற்கவேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் இதழ் வெளியாகும் முன்பே கட்டுரையை இணையத்தில் ஏற்றிவிடும் வழக்கம் வந்தது. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் பின்னால் சேரும். கட்டுரைக்கான நிலையான எண் மட்டும் முதல் நாளிலேயே தரப்பட்டுவிடும்.

இதில் நுட்பமான ஒரு வேறுபாடு இருக்கிறது. முன்கூட்டி ஏற்றப்படுவது எப்போதும் இறுதிவடிவமாக இருப்பதில்லை. 2008-இல் அமெரிக்காவின் தகவல் தர அமைப்பான நைசோ இவ்வடிவங்களுக்குப் பெயர் வகுத்தது. ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்ட, ஆனால் மொழிச்செம்மையும் மெய்ப்புத் திருத்தமும் முடியாத வடிவம் 'ஏற்கப்பட்ட பிரதி'. எல்லாம் முடிந்து இதழ் தன் பெயரால் உறுதிசெய்வது 'பதிவுப் பிரதி'. முதலில் முன்னது இணையத்தில் ஏறும். சில வாரங்களிலோ மாதங்களிலோ பின்னது அதன் இடத்தில் அமரும். பல பதிப்பகங்களில் இரண்டுக்கும் எண் ஒன்றே. எனவே பழைய இணைப்பை இன்று திறந்தால் புதிய வடிவம்தான் தெரியும். பழையது இருந்த சுவடே தெரியாது. பழையதை யாராவது முன்பே இறக்கி வைத்துக்கொண்டிருந்தால் ஒழிய.

நாங்கள் இறக்கி வைத்துக்கொண்டிருந்தோம்.

அது ஒரு மாவோரி ஆய்வாளரின் கட்டுரை. இதழின் பெயரையோ, அவருடைய பெயரையோ, அவர் எந்த இனக்குழுவைச் சேர்ந்தவர் என்பதையோ இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் நாங்கள் தாளொட்டி மறைத்ததற்குப் பொருளில்லாமல் போகும். தம் குடும்பத்தின் மீன்பிடித் தலங்களைப் பற்றி, பாட்டன் தலைமுறையிலிருந்து வந்த ஒரு பாடலை முன்வைத்து அவர் எழுதியிருந்தார். மாவோரி மரபில் கடலில் உள்ள மீன்தலங்களுக்குப் பெயர் உண்டு. படகிலிருந்தபடி கரையின் ஒரு முகட்டையும் ஒரு பாறையையும் நேர்கோட்டில் பார்த்து, இன்னொரு திசையில் மற்றோர் இணையையும் பார்த்து, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்குவார்கள். அந்த அடையாளங்கள் குடும்பத்துக்குள் சொல்லப்பட்டு வருபவை. கட்டுரை நன்றாக இருந்தது. ஆய்வுக் கட்டுரைக்குரிய இறுக்கம் இருந்தும், ஒரு பேரப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோன்ற நெருக்கம் அதில் இருந்தது. எங்களுள் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். தேவாலயக் கோபுரத்தையும் மலைமுகட்டையும் ஒத்துப்பார்த்துக் கடலடிப் பார் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கும் தகப்பனாரின் மகன். அவர்தான் கட்டுரையை முதலில் கண்டார். அன்றிரவே நால்வருக்கும் அனுப்பினார்.

மொழிபெயர்க்க அனுமதி கேட்டு ஆய்வாளருக்கு எழுதினோம். மகிழ்ச்சியோடு அனுமதித்தார். கூடவே ஒரு வாக்கியம்: "இறுதி வடிவம் இன்னும் வரவில்லை, வந்தபின் அதனோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்." நாங்கள் ஒப்பிடவில்லை. சென்னைப் புத்தகக் கண்காட்சி சனவரியில். அதற்குள் சிறப்பிதழ் வந்தாகவேண்டும். அச்சகத்தில் தேதி குறித்தாகிவிட்டது. இறுதி வடிவத்தில் காற்புள்ளிகளும் அடிக்குறிப்புகளும் மாறியிருக்கும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டோம்.

மார்ச் மாதம் பதிவுப் பிரதி வந்தது. ஆர்வத்தினால் திறந்து பார்த்தோம். பாடலின் நடுவில் மூன்று வரிகள் இல்லை. அந்த இடத்தில், குடும்பத்து மூத்தோரின் விருப்பப்படி ஒரு பகுதி தரப்படவில்லை என்ற ஒற்றை வாக்கியம் இருந்தது. அதற்குள் எங்கள் இதழ் 270 பிரதிகள் வெளியே போயிருந்தன. கடற்கரை நண்பர்தான் முதலில் பேசினார். "எங்கப்பா அவருடைய பார் எங்கே இருக்கு என்று என் சித்தப்பாவுக்கே சொன்னதில்லை. நான் எப்படி இதை யோசிக்காமல் போனேன்?" அதன்பின் வெகுநேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

நடந்ததை மறைக்காமல் ஆய்வாளருக்கு எழுதினோம். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கடிந்துகொள்ளவில்லை. நடந்ததை விவரித்திருந்தார். கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் குடும்பக் கூட்டத்தில் படித்துக் காட்டியிருக்கிறார். பாடலை அறிந்த மூத்தவர், அவருடைய பாட்டனாரின் தம்பி, அன்று மருத்துவமனையில் இருந்தார். உடல்நிலை மோசமானபோது, இதழ் வரும்வரை அவர் இருக்கமாட்டார் என்று அஞ்சி, ஏற்கப்பட்ட பிரதியை உடனே இணையத்தில் ஏற்றும்படி ஆய்வாளரே ஆசிரியர் குழுவைக் கேட்டிருக்கிறார். ஏற்றினார்கள். அச்செடுத்துக் கொண்டுபோய்க் கட்டிலருகில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். முதியவருக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அந்த மூன்று வரிகள் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். இது வீட்டுக்குள் இருக்கவேண்டியது என்றார். மெய்ப்பு நிலையில் அவை நீக்கப்பட்டன. இறுதி வடிவம் வரும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும்வரை, முன்கூட்டியே வெளியிடும் வழக்கத்தின் மீதுதான் தவறு என்று எங்களுக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அவசரப்பட்டு ஏன் ஏற்றவேண்டும், ஏற்றியதை ஏன் மாற்றவேண்டும் என்றெல்லாம். கடிதம் அந்த முணுமுணுப்பை அடக்கிவிட்டது. முன்கூட்டி ஏற்றியிராவிட்டால் அந்த முதியவர் கட்டுரையைக் கேட்டிருக்கமாட்டார். மூன்று வரிகளும் அச்சிலேறி நிலைத்திருக்கும்.

தாமதம் பூர்வகுடிகளின் விஷயத்தில் எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் நியூசிலாந்திலேயே இருக்கிறது. மாவோரி அறிவுமரபும் அதன்மீது மாவோரிகளுக்குள்ள உரிமையும் பற்றி 1991-இல் ஆறு பேர் வைட்டாங்கி தீர்ப்பாயத்தில் ஒரு மனுவைத் தாக்கல் செய்தார்கள். 262-ஆம் எண் மனு என்றே அது அறியப்படுகிறது. அதன்மீதான அறிக்கை 2011-இல்தான் வெளிவந்தது. இருபது ஆண்டுகள். மனுதாரர்கள் ஆறு பேரில் அப்போது உயிரோடிருந்தவர் ஒருவரே. வாய்மொழி மரபில் அறிவு மனிதர்களுக்குள் இருக்கிறது. காத்திருக்கச் சொல்வது சில வேளைகளில் சாகச் சொல்வதற்கு ஒப்பானது.

வெளியே சொல்லாமல் இருப்பதும் எப்போதும் பாதுகாப்பல்ல. 1986-இல் நியூசிலாந்து அரசு வணிக மீன்பிடிப்புக்குப் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வடகோடி முரிஃபெனுவா இனக்குழுக்கள், தம் முன்னோர் எந்தக் கடலில் எப்படியெல்லாம் மீன்பிடித்தார்கள் என்பதைத் தீர்ப்பாயத்தின் முன் விரிவாகச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னார்கள். 1988-இல் வந்த தீர்ப்பாய அறிக்கை, அந்தப் பங்கீட்டு முறை 1840-ஆம் ஆண்டு வைட்டாங்கி ஒப்பந்தத்துக்கு முரணானது என்றது. 1992-இல் மீன்பிடி உரிமை குறித்த உடன்பாட்டுச் சட்டம் வந்தது. அவர்கள் வாய்திறந்திராவிட்டால் கடல் கைவிட்டுப் போயிருக்கும். அதே கடலைப் பற்றிய அதே அறிவைத் தேவையற்ற இடத்தில் சொன்னாலும் கடல் கைவிட்டுப் போகும். எதை, எப்போது, யார் முன் சொல்வது என்பதைச் சொல்பவர்தான் முடிவு செய்யவேண்டும்.

அந்த முடிவைப் பிறர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு சான்று. சார்லஸ் மவுண்ட்ஃபோர்ட் என்ற மானுடவியலாளரிடம் 1940-இல் மத்தியப் பாலைநிலத்து பிட்ஜன்ஜாரா ஆண்கள் தம் சமயச் சடங்குகள் பற்றி நம்பிக்கையோடு பகிர்ந்துகொண்டார்கள். சடங்கேற்காதவர்களும் பெண்களும் சிறுவர்களும் அறியக்கூடாத செய்திகள் அவற்றில் இருந்தன. 1976-இல் அவர் அவற்றைப் படங்களோடு நூலாக வெளியிட்டார். பிட்ஜன்ஜாரா மன்றத்தினர் வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். அங்கே நூலின் விற்பனைக்குத் தடை கிடைத்தது. நம்பிக்கையோடு சொல்லப்பட்ட இரகசியத்தை மீறக்கூடாது என்ற பழைய சட்டக்கோட்பாடு அவர்களுக்குத் துணைநின்றது. அச்சுநூல் என்பதால் கடைகளில் விற்பதை நிறுத்த முடிந்தது. இணையத்தில் ஏறியதை எந்த நீதிமன்றத்தால் அப்படித் திரும்ப அழைக்க முடியும்?

இணையத்தை மறுப்பது தீர்வல்ல என்பதையும் அதே வடக்குப் பிரதேசம் காட்டியது. டெனன்ட் கிரீக் ஊரின் வருமுங்கு மக்களுக்காக, அவர்களோடு சேர்ந்து, 2007-இல் ஓர் எண்ணிம ஆவணக்காப்பகம் உருவாக்கப்பட்டது. அதன் பெயர் முகுர்த்து. புனிதப் பொருட்களைப் பாதுகாக்கும் பையை அவர்கள் மொழியில் அப்படி அழைக்கிறார்கள். ஆண்களுக்குரியதை ஆண்களும், பெண்களுக்குரியதைப் பெண்களும், குடும்பத்துக்குரியதைக் குடும்பத்தாரும் மட்டும் காணும் வகையில் அனுமதிகள் அமைந்தன. பிற்பாடு அது பல நாட்டுப் பூர்வகுடிகள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. திறப்பு, மூடுதல் என்ற இரண்டே நிலைகள்தாம் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு பாடம். ஒரு வீட்டுக்குத் தெருவாசலும் உண்டு, முற்றமும் உண்டு, சாமியறையும் உண்டு. வாசல் திறந்திருக்கிறது என்பதற்காகச் சாமியறைவரை செருப்போடு நடக்க யாரும் அனுமதி தரவில்லை.

மொழிபெயர்ப்பில் நாங்கள் செய்த இன்னொரு பிழையையும் இங்கே சொல்லியாகவேண்டும். பக்கத்தில் தாளொட்டியதால் அது மறையாது.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு. கேட்பவரையும் உள்ளடக்கினால் நாம், விலக்கினால் நாங்கள். கட்டுரையின் ஆங்கிலப் பகுதிகளை மொழிபெயர்த்தபோது, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பெரும்பாலான இடங்களில் 'நாம்' என்றே போட்டுவிட்டோம். 'நம் கடல்', 'நம் முன்னோர்', 'நமக்குச் சொல்லப்பட்டது' என்று வாசிக்க இதமாகத்தான் இருந்தது. பல வாசகர்கள் அந்த நெருக்கத்தைப் பாராட்டியும் எழுதினார்கள். விவகாரம் வெடித்த பிறகு, கட்டுரையில் மாவோரி மொழியிலேயே தரப்பட்டிருந்த மேற்கோள்களை அகராதியின் துணையோடு எழுத்துக்கூட்டிப் பார்த்தோம். மாவோரி மொழியிலும் இந்த வேறுபாடு இருக்கிறது! கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் 'தாத்தோ', விலக்கிச் சொன்னால் 'மாத்தோ'. இருவருக்கு மட்டுமான வடிவங்கள் வேறு தனியாக உண்டு. அந்த மேற்கோள்களில் மூத்தவர்கள் பயன்படுத்தியிருந்தது 'மாத்தோ'. நாங்கள். ஆங்கிலம் அழித்துவிட்டிருந்த கோட்டைத் தமிழால் திரும்ப வரைந்திருக்க முடியும். அதற்கு வேண்டிய சொல் எங்களிடம் இருந்தது. எடுத்துப் பயன்படுத்தவில்லை.

பூர்வகுடிகள் தாமே எழுதும் ஆய்வுகளின் சிறப்பு, 'அவர்கள்' என்பது 'நாங்கள்' என்று மாறியதுதான். அந்த 'நாங்கள்' எங்களைப் போன்ற தொலைதூர வாசகர்களை அவமதிக்கவில்லை. நாங்கள் பேசிக்கொள்கிறோம், நீங்களும் கேட்கலாம் என்கிறது. அதை 'நாம்' என்று மாற்றி, அழைக்காத பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டோம் என்றே இப்போது தோன்றுகிறது. அன்புமிகுதியால் செய்தோம் என்பது சமாதானம் ஆகாது. மவுண்ட்ஃபோர்ட்டும் தாம் எழுதிய மக்களை மதித்தவர்தான்.

ஓர் ஆய்வு இணையத்தில் முதலில் தோன்றுவதற்கும் இதழில் நிலைபெறுவதற்கும் நடுவிலுள்ள அந்தச் சில மாதங்களை வெறும் காத்திருப்பு என்றே எண்ணியிருந்தோம். அந்த இடைவெளி யாருக்கு உரியது என்று இப்போது எங்களுக்குத் தெரியும். எந்த மக்களைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் படிப்பதற்கானது அது. கிழவர்கள் கேட்பதற்கும், அத்தைமார் முகஞ்சுளிப்பதற்கும், ஒரு பெயர் தவறு, ஒரு வரி வேண்டாம் என்று சொல்வதற்குமான காலம். பூர்வகுடித் தரவுகளின் ஆளுகை குறித்து 2019-இல் வகுக்கப்பட்ட 'கேர்' நெறிகளில், கூட்டுநன்மைக்கு அடுத்து, கட்டுப்படுத்தும் அதிகாரம் பேசப்படுகிறது. எழுதுபவர்களுக்காகவும் சேமிப்பவர்களுக்காகவும் வகுக்கப்பட்டது அது. அந்த அதிகாரத்துக்கு வாசகரும் மொழிபெயர்ப்பாளரும் தரக்கூடிய மிக எளிய மரியாதை பொறுமை. முதியவருக்கு அவசரம் இருந்தது. எங்களுக்கு என்ன அவசரம்? புத்தகக் கண்காட்சி ஆண்டுதோறும் வருகிறது.

இப்போது சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். பதிவுப் பிரதி வராமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை. எந்த வடிவத்திலிருந்து மொழிபெயர்த்தோம் என்பதை முதல் பக்கத்திலேயே குறிக்கிறோம். பாடல், சடங்கு, மருந்து, இடம் ஆகியவை வரும் பகுதிகளைத் தனியே எடுத்தெழுதி, இதைத் தமிழில் தரலாமா என்று ஆசிரியரைக் கேட்கிறோம். சிலர் வேண்டாம் என்கிறார்கள். இடைவெளி விட்டு வெளியிடுகிறோம். இறக்கி வைத்திருந்த பழைய பிரதியை நால்வரும் தத்தம் கணினிகளிலிருந்து அழித்துவிட்டோம்.

சென்ற மாதம் வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தாளொட்டிய பிரதியை வாங்கியவர். பக்கத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் அடியிலுள்ள எழுத்துக்கள் தெரிகின்றன என்று, நல்லெண்ணத்தோடுதான், சொன்னார். மாடியறைக்குப் போய்ப் பார்த்தோம். உண்மைதான். மறுபடியும் பசை காய்ச்சி, 130 பிரதிகளிலும் இன்னொரு தாளை, இம்முறை சற்றுத் தடித்ததாக, ஒட்டியிருக்கிறோம்.

வெளியே போன 270 பிரதிகளில் ஒன்று உங்களிடம் இருக்கலாம். சந்தாதாரர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதிவிட்டோம். கடைகளிலும் கண்காட்சியிலும் வாங்கியவர்களின் முகவரி எங்களிடம் இல்லை. 47-ஆம் பக்கத்தில், பாடலின் ஏழாம் வரி முதல் ஒன்பதாம் வரிவரை ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். படித்துப் பார்த்துவிட்டு ஒட்டலாம் என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியிருக்கும். படிக்காமலே ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.